பூஜையறைக் கதவுக்கு 6090 ரவுட்டர்: வடிவத் தேர்வும் இயந்திரத் தேர்வும்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் மரப்பட்டறையில் 600×900 மி.மீ. வேலைப்பரப்புள்ள சி.என்.சி. ரவுட்டர் (கணினி வழிநடத்த, சுழலும் முனையால் மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) ஒன்றைப் பயன்படுத்திவருகிறோம்; தொழிலில் இதை 6090 என்பார்கள். தேக்கில் பூஜையறைக் கதவு செய்பவர்களுக்கு இது போதும் என்பதே என் முடிவு. 8×4 அடிப் பலகையை முழுதாக ஏற்றும் 1325 இயந்திரத்தையே வாங்கும்படி விற்பனையாளர்கள் வற்புறுத்துவார்கள். ஆனால் நம் ஊர்க் கதவு, சட்டமும் பேனலுமாகத் தனித்தனியே செய்து கோக்கப்படுவது. செதுக்கு வேலை பெரும்பாலும் பேனலில் மட்டுமே வருவதால், ஏழடிக் கதவுக்கு ஏழடி இயந்திரம் தேவையில்லை. குறுகிய தெருக்களில் வாடகைக்கு இருக்கும் பட்டறைகளுக்கு இடமும் ஒரு பெரிய செலவு. ஒரே பலகையில் முழுக் கதவையும் செதுக்கிக் கொடுப்பவர்கள் மட்டும் 1325-ஐப் பார்க்கலாம்.

இருப்பினும், வேலையின் தரத்தை முதலில் தீர்மானிப்பது வடிவக் கோப்புதான். இயந்திரத்துடன் விற்பனையாளர் ஒரு பென்டிரைவ் நிறைய வடிவங்களை இலவசமாகத் தந்தார். அவற்றில் பெரும்பாலானவை ஆர்ட்கேம் மென்பொருளுக்கான ஆர்.எல்.எஃப். கோப்புகள், அந்த மென்பொருளையே ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-இல் நிறுத்திவிட்டது. யார் உருவாக்கியவை என்ற விவரம் எதிலும் இல்லை. உரிமை யாருடையது என்று தெரியாத வடிவத்தைச் செதுக்கி விற்பது முறையல்ல என்பதால் அவற்றை நாங்கள் தொடவில்லை.

விலை கொடுத்து வாங்கும் எஸ்.டி.எல். என்ற முப்பரிமாண வடிவக் கோப்புகளையும் அப்படியே நம்பக் கூடாது. முகப்புப் படத்தோடு நின்றுவிடாமல், முப்பரிமாண மாதிரியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். கஜலட்சுமி வடிவம் ஒன்றில், நேரே பார்க்கையில் முகம் அத்தனை அழகாக இருந்தது. திருப்பியதும் மூக்குக்குக் கீழே ஒரு குழி தெரிந்தது. சிலையின் புகைப்படத்தைக் கொடுத்து மென்பொருளை உருவம் எடுக்கச் செய்திருக்கிறார்கள். வெளிச்சத்தை மேடாகவும் இருளைப் பள்ளமாகவும் அது கணக்கிடுவதால், நிழல் விழுந்த இடமெல்லாம் மரத்தில் குழியாகிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் இதைச் சரிசெய்யாது.

கோலங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிக்குக் கோலத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கோடுகளாக வரைந்து, 60 அல்லது 90 பாகை வி-பிட்டால் (V வடிவ வெட்டுமுனை) ஓட்டினால், கோடு அகலும் இடத்தில் ஆழமும் கூடி, கை உளி போட்டதுபோல் வரும். வாங்கிய சிற்ப மாதிரியை ஏற்றிச் செதுக்குவதற்கு வி-கார்வ் என்ற மென்பொருள் போதும். சொந்தமாகப் புடைப்புருவம் வடிப்பவர்களுக்கே அஸ்பயர் மென்பொருள் தேவைப்படும். தெய்வ உருவங்களுக்கு நான் பெரிதும் விரும்புவது வேறு வழி: 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலைஞர்களிடம் ஒரு பேனலைக் கையால் செதுக்கி வாங்கி, அவர்களின் ஒப்புதலோடு ஸ்கேன் செய்து, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அவர்களுக்குப் பங்கு கொடுப்பது. மூலத்தைச் செதுக்கிய கைக்கு உரியது போய்ச் சேர வேண்டும்.

வடிவம் முடிவான பிறகுதான் பிட்டும் நேரமும் கணக்குக்கு வரும். 400×300 மி.மீ. பேனல் ஒன்றை 0.25 மி.மீ. இடைவெளியில் மெருகோட்டம் (வரிவரியாகப் போகும் கடைசி நுண்செதுக்கு) விட்டால் 1,200 வரிகள், அதாவது 480 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 2,000 மி.மீ. வேகத்தில் அது நான்கு மணி நேரம். இடைவெளியை 0.5 ஆக்கினால் நேரம் பாதியாகும், ஆனால் 0.5 மி.மீ. ஆரமுள்ள முனையில் மயில் தோகையின் மீது வரிகள் கண்ணுக்குத் தெரியும். மிச்சமான நேரத்தை உப்புத்தாளே தின்றுவிடும். மர இழையின் திசையிலேயே ஓட்டினால், எஞ்சும் தடமும் இழையோடு கலந்துவிடும்.

இவ்வளவு நேரம் இடைவிடாமல் ஓட வேண்டியிருப்பதால், தண்ணீரால் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) மூன்று அச்சுகளுக்கும் பால் ஸ்க்ரூவும் (நகர்த்தும் திருகுத்தண்டு) உள்ள மாடலைத் தேர்ந்தெடுத்தோம். சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடுகிறது, தேக்கில் திணறியதில்லை. குறை இரண்டு. தூசி உறிஞ்சும் குழாய்க்கான மூடியைத் தனியாக விலைக்கு விற்கிறார்கள். நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குப் போகும் இந்தத் தொழிலில் அது இயந்திரத்தோடேயே வர வேண்டிய பொருள். மற்றது, கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்றில், இயந்திரத்தின் தலை நகரும் தண்டவாளங்களில் துரு பிடிப்பது. துடைத்து எண்ணெய் பூசாமல் விட்டால் பழுப்புப் புள்ளிகள் எழுகின்றன. ராயபுரம், காசிமேடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள், தண்டவாளத்துக்கு மடிப்புறை போட்ட மாடலையே கேட்டு வாங்க வேண்டும்.