போர்டிகோ ஆயில் கறை எடுக்க ஆள் கூப்பிடுபவர்களுக்கு: தரை காயும்வரை காசு கொடுக்காதீர்கள்

சென்னையில், குறிப்பாகத் தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் "பேவர் பிளாக், பார்க்கிங் டைல்ஸ் டீப் கிளீனிங், ஆயில் கறை 100% கியாரண்டி" என்று ஒரு விளம்பரம் சுற்றுகிறது. இரண்டு படம் இருக்கும், முன்னால் கறுப்புத் தரை, பின்னால் பளிச்சென்ற தரை. பின்னால் உள்ள படத்தை நன்றாகப் பாருங்கள், தரை ஈரமாக இருக்கும். முழு மோசடியும் அந்த ஈரத்துக்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் போர்டிகோவில் சிவப்பும் சாம்பலும் கலந்த 60 மி.மீ. பேவர் பிளாக். பழைய டீசல் காருக்கு ஆயில் மாற்றியபோது டிரெயின் பிளக் (ஆயிலை வடிக்கிற அடித் திருகு) வாஷரைப் புதிதாகப் போடாமல் பழையதையே மாட்டிவிட்டார்கள். அது சொட்டுச் சொட்டாக ஒழுகி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள். வாஷரை மாற்றி ஒழுகலை நிறுத்திவிட்டோம். கறை மட்டும் தங்கிவிட்டது. வீட்டில் விசேஷம் வருகிறது, அதற்குள் எடுத்துவிடலாம் என்று அந்த விளம்பர எண்ணுக்குப் பேசினேன். சதுர அடிக்கு 12 ரூபாய் என்றார்கள். "எங்க கெமிக்கல் இம்போர்ட்டட் சார், ஆயிலை அப்படியே உறிஞ்சி மேல தள்ளிடும்" என்றார் சூப்பர்வைசர்.

வந்தது அவரும் இரண்டு பையன்களும். இம்போர்ட்டட் கெமிக்கல் இருந்தது பழைய வெள்ளை கேனில். லேபிள் கிடையாது. மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஏறிய நெடியிலேயே தெரிந்துவிட்டது, பாத்ரூம் கழுவுகிற அதே ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு, அடையாள அட்டை காட்டி, பதிவேட்டில் எழுதித்தான் வாங்க வேண்டும். இவர்கள் கேன் கேனாக ஆட்டோவில் கொண்டுவருகிறார்கள். பையன்களுக்குக் கையுறை இல்லை, ஒருவனுக்குக் காலில் செருப்பும் இல்லை. எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை, அனுப்பியவர் மேல்தான்.

ஊற்றியதும் தரை 'சுர்ர்' என்று பொங்கியது. "பாருங்க சார், அழுக்கு எப்படி வெளிய வருது!" என்றார் சூப்பர்வைசர். பொங்குவது அழுக்கே இல்லை. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை ஆசிட் தின்கிறது, அப்போது கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு வாயுதான் அந்த நுரை. அதாவது நாம் காசு கொடுத்துப் போட்ட பிளாக்கின் மேல்தோல் கரைகிறது. என்ஜின் ஆயிலை ஆசிட் ஒன்றும் செய்யாது. பிளாக்கின் நுண்துளைகளில் ஆயில் நிரம்பியிருக்கும் இடத்தில் ஆசிட்டால் சிமெண்டைத் தொடவே முடியாது. அதனால் கறை இல்லாத இடமெல்லாம் அரிபடும், கறை இருக்கும் இடம் அப்படியே நிற்கும்.

நடுவில் இன்னொன்று நடந்தது, இதைப் படிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பையன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே, ப்ளீச்சிங் பவுடர் போடட்டுமா?" என்று கேட்டான். சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கெட்டைப் பிடுங்காத குறை. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூன்று பக்கம் சுவர் அடைத்த போர்டிகோவில் அந்த வாயு கிளம்பியிருந்தால் முதலில் விழுந்திருப்பது குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன்கள்தான். சூப்பர்வைசருக்கு இது தெரியவே தெரியாது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்புறம் பிரஷர் வாஷர். பிளாக்குகளுக்கு இடையில் நிரப்பியிருந்த மணல் அத்தனையும் அந்த வேகத்தில் தெறித்து வாசல் சாக்கடைக்குப் போனது. பேவர் பிளாக் ஆடாமல் நிற்பதற்கு அந்த மணல்தான் காரணம். ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பது அதுதான். கார் ஏறி இறங்கினால் இப்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறது.

கழுவி முடித்ததும் தரை முழுக்க ஒரே சீராகக் கறுத்து, உண்மையிலேயே அழகாக இருந்தது. நனைந்த கான்கிரீட் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், அதில் ஆயில் கறை ஒளிந்துகொள்ளும். "அடுத்த சைட்டுக்கு டைம் ஆச்சு சார், ஜிபே பண்ணிடுங்க" என்று அவசரப்படுத்தியது இதற்காகத்தான். பில்லில் 'கெமிக்கல் சார்ஜ்' என்று புதிதாக 900 ரூபாய் வேறு. பேசியபோது அப்படி ஒரு வார்த்தையே வரவில்லை. கேட்டால், "சதுர அடி ரேட் லேபருக்கு மட்டும் சார்" என்கிறார்.

மறுநாள் வெயில் ஏறியதும் சாயம் வெளுத்தது. சிவப்பு பிளாக்கெல்லாம் வெளிறிய ரோஸ் நிறம். கையால் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரப்பு, விரலில் வெள்ளை மாவு ஒட்டுகிறது, ஜல்லிப் பொடி பல்லைக் காட்டுகிறது. அந்த வெளுத்த தரையின் நடுவில் எங்கள் கறுப்பு வட்டம் முன்னைவிட எடுப்பாக உட்கார்ந்திருந்தது. ஆசிட் புகை பட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டின் கைப்பிடியில் பழுப்புத் துரு வேறு.

போன் செய்தால் முதல் பதில், "ஆயில் ரொம்ப ஆழமா போயிடுச்சு சார், சீலர் கோட்டிங் அடிச்சா மறைஞ்சிடும், 4,000 ஆகும்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதே ஆட்களை வைத்து வேலை செய்த எதிர்வீட்டு மாமா ஒத்துக்கொண்டார். அடித்த அன்று பளபளப்பு, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டது. "பாத்தீங்களா, ஆயில் இனிமே இறங்கவே இறங்காது" என்று வீடியோ எடுத்துப்போனார்கள். சீலர் என்பது தரைக்கு மேல் அடிக்கும் காப்புப் பூச்சு. ஈரம் முழுதாகக் காயாத தரையில் அதை அடித்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பால் நிறத்தில் மங்கும். ஆயில் இருக்கும் இடத்தில் பூச்சு ஒட்டாது. அவர் வீட்டில் இரண்டும் நடந்தது. இப்போது தோல் உரிகிறது. மழை பெய்தால் வழுக்குவதால் மாமி அந்தப் பக்கமே வருவதில்லை.

கறை எடுக்க என்னதான் வழி என்று கேட்பீர்கள். புதிதாகக் கொட்டிய ஆயிலாக இருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தேய்க்கவும் கூடாது, இரண்டும் கறையை அகலப்படுத்தும். தச்சுப் பட்டறை மரத்தூளோ, மீந்த சிமெண்டுப் பொடியோ தாராளமாகக் கொட்டி, ஒரு இரவு விட்டு, உலர்வாகப் பெருக்கி எடுங்கள். எண்ணெய்க்கு எதிரி காரம்தான். சலவை சோடாவைச் சூடான தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் தங்கினால் துருக்கறை என்று இன்னொரு தலைவலி. கையுறை அவசியம். தேய்த்த கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் தள்ளாமல் பழைய துணியில் ஒற்றி எடுங்கள்.

ஊறிப்போன பழைய கறைக்குப் பத்துப் போடுவதுதான் முறை. சாக்பீஸ் தூளை மினரல் டர்பன்டைனில் குழைத்து ஒரு விரல் கனத்துக்கு அப்பி, பாலிதீன் ஷீட்டால் மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். டர்பன்டைன் ஆயிலை இளக்கும், தூள் அதை மேலே இழுக்கும். ஷீட்டை எடுத்து உலரவிட்டுச் சுரண்டினால் தூள் பழுப்பாகியிருக்கும். எனக்கு இதில்தான் கறை பாதிக்கு மேல் வெளுத்தது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. டர்பன்டைனுக்குப் பதில் பெட்ரோல் போடலாமா என்று நினைக்கவே வேண்டாம். முழுக்கப் போகும் என்று யாராவது சத்தியம் செய்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிளாக்கைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. பார்க்க வந்த மேஸ்திரி சிரித்தார். "மேல் அரை இஞ்சுலதான் சார் கலரு, அடியில வெறும் கிரே. ஓரம் மழுக்குனதும் ஒரு பக்கம்தான்." கறை மிச்சமிருந்த பிளாக்குகளை நெம்பி எடுத்து, பூந்தொட்டி வரிசைக்கு அடியில் இருந்த நல்ல பிளாக்குகளோடு இடம் மாற்றி, இடுக்கெல்லாம் மணல் தள்ளிக் கொடுத்தார். டீப் கிளீனிங்குக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. ஆசிட்டில் வெளுத்த நிறத்துக்கு மட்டும் அவரிடமும் மருந்து இல்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் தரை காய்ந்திருக்கும்போது எடுத்த படம், ஜிபே ரசீது, "100% கியாரண்டி" என்று எழுதிய அந்த வாட்ஸ்அப் விளம்பரம், எதையும் அழித்துவிடாதீர்கள். நான் கொடுத்த புகாருக்கு எண் வந்திருக்கிறது. புகார் எண்ணை அனுப்பிய அன்றே சூப்பர்வைசர் போன் செய்து, கெமிக்கல் சார்ஜ் 900-ஐ மட்டும் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார். முழுத் தொகையும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.