ஃபெராராவா, மாந்துவாவா: இத்தாலிய அரசவையை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

மறுமலர்ச்சிக்கால இத்தாலி என்றதும் எல்லோரும் ஃபுளோரன்ஸுக்கு ஓடுகிறார்கள். ஆனால் மெதிச்சி குடும்பம் 1532 வரை அங்கே பிரபுப் பட்டத்தோடு ஆளவில்லை. பெயருக்காவது அது குடியரசு. கோமகன், மனைவி, செயலர், கவிஞர், தூதர் என்று முழு அரசவையையும் பார்க்க வேண்டுமானால் போ ஆற்றுச் சமவெளிக்குத்தான் போக வேண்டும். அங்கே எஸ்தே குடும்பத்தின் ஃபெராரா, கொன்சாகா குடும்பத்தின் மாந்துவா. நான் மாந்துவாவில் தொடங்கினேன்.

ஃபெராராவின் பக்கமும் பலமானதுதான். கவிஞர்கள் அரியோஸ்தோ, தாஸ்ஸோ இருவரும் எஸ்தே நிழலில் எழுதியவர்கள். 1580களில் கோமகன் இரண்டாம் அல்ஃபோன்சோ வைத்திருந்த பாடகிகள் குழுவைக் கேட்க இத்தாலியே ஏங்கியது. இசையில் என் தீர்ப்பை அதிகம் நம்ப வேண்டாம், ஒலிப்பதிவுகளைத் தாண்டி எனக்குப் பழக்கமில்லை. சுவரோவியமா? ஃபெராராவின் ஸ்கிஃபனோயா மாளிகைக்கு, மாந்துவாவில் ஓவியர் மாந்தேன்யா தீட்டிய அறை ஈடு. சரி, சமம்.

என்னை இழுத்தது காகிதம். ஃபெராரா போப்பாண்டவரின் மானியப் பிரதேசம், அவருக்குக் கீழ்ப்பட்டுத்தான் எஸ்தே குடும்பம் ஆண்டது. 1597இல் அல்ஃபோன்சோ வாரிசில்லாமல் இறந்ததும், உறவினர் சேசரேயை வாரிசாகப் போப் எட்டாம் கிளெமென்ட் ஏற்கவில்லை. அடுத்த வருடமே எஸ்தே குடும்பம் ஆவணங்கள், நூலகம் எல்லாவற்றோடும் மோதெனாவுக்குக் கிளம்பிவிட்டது. ஊர் ஓரிடம், கடிதக்கட்டு வேறிடம்.

மாந்துவாவுக்கும் நல்ல காலமில்லை. ஓவியங்களை இங்கிலாந்தின் முதலாம் சார்ல்ஸ் வாங்கிக்கொண்டார். 1630இல் புனித ரோமப் பேரரசின் படை நகரைச் சூறையாடியது. ஆனாலும் கொன்சாகா ஆவணங்களில் பெரும்பகுதி இன்றும் அந்த ஊரிலேயே இருக்கிறது. அதில் முத்து, இசபெல்லா தெஸ்தேயின் கடித நகல் ஏடுகள். (ஃபெராராவில் பிறந்து 1490இல் மாந்துவாவுக்கு வாழ்க்கைப்பட்டவர், அந்த வகையில் எஸ்தே கட்சிக்காரர்களுக்கும் நஷ்டமில்லை.) அவர் அனுப்பிய கடிதங்களைச் செயலர்கள் படியெடுத்து வைத்தார்கள். வந்த கடிதங்களும் இருப்பதால், பேச்சின் இரு பக்கமும் கேட்கும்.

ஓவியர் பெருஜீனோவின் கதையைப் பாருங்கள். 1503இல் அவரோடு ஓர் ஓவியத்துக்கு இசபெல்லாவின் ஒப்பந்தம்: மாதிரி வரைபடம் தருகிறோம், உருவங்களைக் குறைக்கலாம், சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது. 1505இல் படம் வந்து சேர்ந்தது. எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருந்தால் இன்னும் பிடித்திருக்கும் என்று இசபெல்லா பதில் எழுதுகிறார். படம் இன்று பாரிஸில், லூவ்ரில். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழுபறி தெரியவே தெரியாது. லியொனார்தோ தா வின்சியிடமும் ஓர் ஓவியம் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். அது கடைசிவரை வரவில்லை.

அப்புறம் அரசியல். 1509 ஆகஸ்டில் மாந்துவாவை ஆண்ட கணவர் ஃபிரான்செஸ்கோ வெனிஸிடம் சிறைப்பட்டார். அடுத்த கோடையில் அவர் விடுதலையாகும்வரை ஆட்சி இசபெல்லா கையில். அண்டை அரசுகளைச் சமாளித்துக்கொண்டே கணவரை மீட்க வேண்டிய நெருக்கடி. இத்தாலியம் தெரியாதவர்களுக்கு இவருடைய கடிதங்களின் பெரிய தொகுப்பொன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், நேரே அந்த ஆகஸ்டைத் திறந்து தொடங்குங்கள்.