எல்லாப் பாடங்களுக்கும் எழுத்துப் பயிற்சி: ஆசிரியர்களுக்கான ஓர் இணையத் தொகுப்பு

உயர்நிலை வகுப்புகளில் ஒவ்வொரு பாட ஆசிரியரும் தம் பாடத்துக்குரிய எழுத்தைத் தாமே கற்பிக்க உதவும் இணையவழிப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை முழுவதும் பார்த்து, அதன் பயிற்சித்தாள்களை என் அறிவியல் வகுப்பிலும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இந்த எண்ணம் புதிதன்று. மாணவரின் மொழி வளர்ச்சிக்குப் பள்ளி முழுவதுமே பொறுப்பேற்க வேண்டும் என்று, பிரிட்டனில் ஆலன் புல்லக் தலைமையிலான குழு 1975ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் விடைத்தாளில் எழுத்துப்பிழைகளைச் சுழிப்பதாகச் சுருங்கிவிடுகிறது.

தொகுப்பின் சிறந்த பகுதி அறிவியல். சர்க்கரை வெந்நீரில் விரைவாகக் கரைவதேன் என்ற கேள்விக்கு இரண்டு மாணவர் விடைகள் தரப்படுகின்றன. ஒன்று, கண்டதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறது. மற்றொன்று, வெப்பம் கூடும்போது துகள்களின் இயக்கம் கூடுவதைச் சொல்லி, அதைக் கரையும் வேகத்தோடு இணைக்கிறது. கூற்று, சான்று, காரணம் என்று பிரித்து இரண்டையும் ஒப்பிடச் செய்தபின், ஆசிரியர் தாம் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் ஒரு விடையை எழுதி, அடித்து, திருத்திக் காட்ட வேண்டும். 'விளக்குக' என்ற சொல்லுக்கு என் மாணவர்களில் பலர் 'நிறைய எழுதுக' என்றே பொருள் கொண்டிருந்தனர் என்பது இப்பயிற்சியில்தான் தெரிந்தது. ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் இரு சான்றுகளை எடைபோட்டு எழுதச் சொல்லும் வரலாற்றுப் பகுதியும் நன்று.

கணிதப் பகுதி ஏமாற்றமே. கணக்கைச் செய்த விதத்தைச் சொந்த நடையில் எழுதச் சொல்வதோடு அது நின்றுவிடுகிறது; ஒரு நிரூபணத்தில் 'எனவே', 'ஏனெனில்' என்பவை எந்த வரியை எந்த வரியோடு கட்டுகின்றன என்பதை அது தொடவேயில்லை.

எழுதவைத்தால் கற்றல் பெரிதும் உயரும் என்ற, தொகுப்பின் அறிமுகக் காணொளியின் வாக்குறுதிகளையும் சற்றுக் குறைத்தே நம்ப வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகிய பாடங்களில் நடந்த 56 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்து, கல்வி ஆய்வாளர் ஸ்டீவ் கிரகாம் குழுவினர் 2020இல் வெளியிட்ட பகுப்பாய்வு, எழுதுவது கற்றலுக்கு உதவுகிறது என்றே காட்டியது. ஆனால் சராசரி விளைவு அளவு, அதாவது எழுதிக் கற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மதிப்பெண்களின் பரவலோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், 0.30 மட்டுமே; அது சிறியதுதான். பயனுள்ளதுதான், மாயமன்று.

ஒவ்வொரு வரைவுக்கும் விரிவான குறிப்பு எழுதச் சொல்லும் கையேடு, பல பிரிவுகளுக்குப் பாடம் நடத்துபவரின் மாலை நேரத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடக் குறு எழுத்தைக் கொடுத்து, சில தாள்களை மட்டும் படித்து, பொதுவான குறையை வகுப்பு முழுவதற்கும் பேசுவதே எனக்கு ஒத்துவந்தது.

மொழி ஆசிரியரும் பாட ஆசிரியர்களும் சேர்ந்து அமர வாய்ப்புள்ள பள்ளிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனியாக வாங்குபவருக்குக் கையேடும் பயிற்சித்தாள்களுமே போதும். ஆனால் காணொளிகள் இல்லாமல் அவற்றை மட்டும் வாங்க இப்போது வழியில்லை.