பேஜ்மேக்கருக்காக ஒரு எக்ஸ்பி: சில வருட அனுபவம்

தக்கலையில் டிடிபி (கணினியில் பக்கம் அடுக்கித் தரும்) கடை வைத்திருப்பவன் நான். கோயில் கொடை நோட்டீஸ், திருவிழா மலர், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் எங்கள் பக்கம் இன்னும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய விண்டோஸ் காலத்துப் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகத்தான் கிடக்கின்றன. "அண்ணாச்சி, போன வருசம் அடிச்சதுல தேதிய மட்டும் மாத்திக் குடுங்க" என்று வருகிறவருக்குக் கோப்பு திறந்தாக வேண்டும். அதற்காகவே விண்டோஸ் 11 கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை வைத்திருக்கிறேன்.

பழைய எழுத்துருவில் இருப்பதை, இன்று எல்லாக் கணினியிலும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிவிட வேண்டியதுதானே என்று பலர் கேட்கிறார்கள். மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் அடித்த எம்.ஏ., பி.எட். எல்லாம் எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டதும் பொருளில்லாத தமிழாகிவிடும். 'கொடை'யில் வரும் 'கொ'வை அடிக்கும்போது கொம்பு முதலில், ககரம் அப்புறம், கால் கடைசி. யூனிகோடில் ககரம்தான் முதலில். மாற்றி மென்பொருள் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் வரி உடைந்து, எழுத்து இடைவெளி கலைந்து, பக்கம் முழுவதையும் திரும்ப அடுக்க வேண்டும். நூறு பக்க மலர் என்றால் யார் செய்வது?

எக்ஸ்பிக்கு 1 ஜிபி ராம், 20 ஜிபி வட்டு தாராளம். விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் கட்டாயம் போடுங்கள், இரண்டு விண்டோஸும் பகிரும் பொது ஃபோல்டரும் சரியான திரை அளவும் அதில்தான் வரும். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால் இணையத்தைத் துண்டித்தே வைத்திருக்கிறேன்.

முக்கியமான சிக்கல் அச்சுக்கு அனுப்பும் இடத்தில். எக்ஸ்பியில் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை அச்சு இயந்திரத்துக்கு விவரிக்கும் மொழி) பிரிண்டர் ஒன்றை நிறுவி, பேஜ்மேக்கரின் பிரிண்ட் பெட்டியில் அதற்குரிய பிபிடியை (பிரிண்டரின் விவரக் கோப்பு) தேர்ந்தெடுங்கள். ஆப்ஷன்ஸில் போஸ்ட்ஸ்கிரிப்டைக் கோப்பாக எழுதச் சொல்லி, டவுன்லோட் ஃபான்ட்ஸில் போஸ்ட்ஸ்கிரிப்ட், ட்ரூடைப் என்ற இரண்டு எழுத்துரு வகைகளும் உள்ளதை வையுங்கள். 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்று விட்டால் தமிழ் எழுத்துரு கோப்புக்குள் போகாது, அச்சகத்தில் குப்பைதான் வரும். அந்தக் கோப்பைப் பொது ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மாற்று மென்பொருளில் கொடுத்தால் சுத்தமான பிடிஎஃப். இந்த வழிக்கு வந்தபின் எழுத்துச் சிதறல் புகாரே இல்லை.

குறைகளும் உண்டு. பழைய தமிழ் மென்பொருள் சிலவற்றுக்குப் பிரிண்டர் போர்ட்டில் செருகும் லாக் (அது இருந்தால்தான் மென்பொருள் திறக்கும்) வேண்டும். இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது, அவற்றுக்குப் பழைய கணினிதான் கதி. யுஎஸ்பி ஸ்கேனர் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் யுஎஸ்பி 2 என்று வையுங்கள். 3க்கான டிரைவர் எக்ஸ்பியில் இல்லை.

கார்த்திகை மழையில் கரண்டு போனால், யூபிஎஸ் இருக்கும்போதே விர்ச்சுவல்பாக்ஸில் 'சேவ் ஸ்டேட்' கொடுத்து மூடிவிடலாம். திறக்கும்போது விட்ட வரியிலேயே நிற்கும். எதையாவது புதிதாக நிறுவும் முன் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) எடுத்துவிடுங்கள். இந்த எக்ஸ்பி இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட்டிஸ்கில் நகலெடுக்கும்போது எழுத்துரு ஃபோல்டரையும் தனியாகப் போட்டு வையுங்கள். எக்ஸ்பியைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம், அந்தப் பழைய எழுத்துருக்களைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம்.