இன்னொரு கல்லூரியா, கூலி உயர்வா? சம்பள ஏற்றத்தாழ்வைக் குறைக்க எதை முதலில் பிடிப்பது

சென்னையில் எங்கள் கட்டடத்தில் வேலை செய்யும் அக்கா கண்ணகி நகரிலிருந்து துரைப்பாக்கத்துக்கு வருகிறார். ஐந்தாவது வரை படித்தவர். ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து மாதம் 13,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் கட்டணச் சலுகை கிடைத்தது, ஆனாலும் பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் என்று கடன் வாங்கித்தான் முடித்தார்கள். அந்தப் பெண் இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு கால் சென்டரில் 15,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறாள். போன வாரம் அக்கா கேட்டார்: "தம்பி, இவளை மேல படிக்க வைக்கவா, இல்ல இந்த வேலையிலேயே இருக்கட்டுமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் மாதம் இரண்டு லட்சம் வாங்குபவர் இருக்கிறார், அவரும் இன்ஜினியரிங்தான். நாலு வருடப் படிப்பு ஒரு வீட்டில் இரண்டாயிரம் ரூபாய் கூட்டுகிறது, இன்னொரு வீட்டில் ஒரு வாழ்க்கையையே மாற்றுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்க அரசு எதில் காசைப் போட வேண்டும் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. படிக்க வைத்தால் போதும், மற்றது தானாக வரும் என்பது ஒன்று. படிப்பு பலன் தர இருபது வருடம் ஆகும், இன்றைக்குக் கூலியை உயர்த்து, நல்ல வேலையைக் கொண்டுவா, கையில் பணம் கொடு என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் படிப்புக் கட்சி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு என்று பசியோடு எந்தப் பிள்ளையும் வகுப்பில் உட்காரக் கூடாது என்பதையே மூன்று தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம். அதன் பலன் கண்ணால் பார்க்கக் கூடியது: 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேரும் விகிதம் நாடு முழுவதும் 28 சதவீதம் என்றால் இங்கே 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே பாதையில்தான் வருகிறது.

வெளிநாட்டுச் சான்றும் வலுவானது. இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பணம் வந்த 1970-களில் ஐந்தாறு வருடத்துக்குள் 61,000 ஆரம்பப் பள்ளிகளைக் கட்டினார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய எஸ்தர் டுஃப்லோ அதை ஆராய்ந்தபோது, பள்ளிகள் அதிகமாக வந்த மாவட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் கூடுதலாகப் படித்ததும், பெரியவர்களானபோது கூடுதலாகச் சம்பாதித்ததும் தெரிந்தது. அதனால் படிப்பு சம்பளத்தைக் கூட்டுமா என்று கேட்டால் கூட்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் நம் கேள்வி அது இல்லையே. சம்பளம் கூடுமா என்பது வேறு, சம்பளங்களுக்கு நடுவில் இருக்கும் தூரம் குறையுமா என்பது வேறு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எட்டாவது படித்தவர் பத்தாவது வரை போனால் ஆயிரம் ரூபாய் கூடுகிறது, பன்னிரண்டாவது படித்தவர் டிகிரி வாங்கினால் பத்தாயிரம் கூடுகிறது. இப்போது எல்லோருடைய படிப்பையும் ஒரு படி ஏற்றினால் என்ன ஆகும்? எல்லோர் சம்பளமும் ஏறும், இடைவெளியும் ஏறும். வளரும் நாடுகள் பலவற்றில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், பள்ளிகள் பெருகிய காலத்திலேயே ஏற்றத்தாழ்வும் கூடியதற்குப் பொருளாதார அறிஞர்கள் காட்டும் காரணங்களில் இது முக்கியமானது. படித்தவர்கள் எண்ணிக்கை பெருகப் பெருக டிகிரிக்கான கூடுதல் விலை குறையும், அப்போது இடைவெளி சுருங்கும், உண்மைதான். ஆனால் அது எப்போது நடக்கும் என்பது படித்தவர்களைத் தேடும் வேலை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைப் பொறுத்தது. டச்சு அறிஞர் யான் டின்பெர்கன் இதைப் படிப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயம் என்றார். இந்தியாவில் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட 1991-க்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் நெடுங்காலம் தொழில்நுட்பம்தான் முன்னால் ஓடியது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்த பிறகு இந்த ஊரில் கம்ப்யூட்டர் படித்தவர் சம்பளமும் மற்றவர் சம்பளமும் எப்படிப் பிரிந்தன என்பதை வீட்டு வாடகையிலேயே பார்த்தோம்.

அப்புறம் கல்லூரிகள் பெருகின. இப்போது டிகிரியின் விலை இறங்குகிறதா? அடிமட்டத்தில் இறங்கிவிட்டது. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேருபவருக்குத் தரும் வருடச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள்: 2022 நிலவரப்படி இளம் பட்டதாரிகளில் 29.1 சதவீதம் பேருக்கு வேலை இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம் பேருக்குத்தான் வேலை இல்லை. பின்னவர்கள் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார்கள், காத்திருக்க அவர்களுக்கு வழி இல்லை என்பதும் இதற்குள் இருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் டிகிரி விலை இறங்கவில்லை. நல்ல கல்லூரி, நல்ல இங்கிலீஷ், தெரிந்தவர்கள் என்று மூன்றும் உள்ளவருக்கு அது ஏறிக்கொண்டே போகிறது. அக்கா மகளுக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் இருப்பது அதுதான், இருவர் கையிலும் ஒரே பெயருள்ள பட்டம் இருக்கிறது.

சரி, அடுத்த கட்சி. இதற்குப் பெரிய உதாரணம் பிரேசில். ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண் (0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவர் கையில்) அங்கே 2001-ல் 0.59 அளவில் இருந்தது, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 0.53-க்கு இறங்கியது. அந்த எண்ணில் இவ்வளவு இறக்கம் என்பது சாதாரணம் இல்லை. என்ன செய்தார்கள்? குறைந்தபட்சக் கூலியை விலைவாசியைத் தாண்டி வருடா வருடம் ஏற்றினார்கள், அரசு ஓய்வூதியத்தின் அடித்தொகையையும் அதோடு கட்டிவைத்தார்கள், முறையான பதிவுள்ள வேலைகள் பெருகின. 2003-ல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களின் கையில் பணம் போனது. கூலி ஏறினால் வேலை போய்விடும் என்று சொன்னவர்கள் எதிர்பார்த்தது அந்தப் பத்து வருடத்தில் நடக்கவில்லை. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அதே காலத்தில் பிரேசிலின் இரும்புத் தாதுக்கும் சோயாவுக்கும் உலகச் சந்தையில் நல்ல விலை இருந்தது, தொண்ணூறுகளில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வேலைக்கு வந்ததால் படித்தவருக்கான கூடுதல் விலையும் குறைந்தது. 2015-ல் பொருளாதாரம் சரிந்ததும் ஏற்றத்தாழ்வு மறுபடி ஏறத் தொடங்கியது.

எதிர்ப்பக்கம் தென்னாப்பிரிக்கா. 1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு பள்ளிக் கதவை எல்லோருக்கும் திறந்தார்கள், உதவித்தொகையும் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போகிறது. ஆனாலும் ஜினி 0.63, உலகிலேயே மிக மோசமான எண்களில் ஒன்று. மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லாத இடத்தில் சான்றிதழை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? தென்கொரியா முதலில் நிலத்தைப் பங்கிட்டது, எல்லோரையும் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பியது, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வரும்போது ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஆள் தேடிக்கொண்டிருந்தன. படித்தவரும் வேலையும் ஒரே காலத்தில் சந்தித்ததுதான் அங்கே நடந்தது.

நம் ஊரில் அந்தச் சந்திப்பு பாதியில் நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வந்தது, டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு வேலையும் வந்தது. ஆனால் ஒரே லைனில், ஒரே யூனிஃபார்ம் மாதிரி தெரியும் உடையில், நிரந்தரத் தொழிலாளி ஒரு சம்பளமும் கான்ட்ராக்ட் தொழிலாளி அதில் பாதிக்கும் குறைவாகவும் வாங்குவதை அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்திய அளவில் பதிவுள்ள தொழிற்சாலைத் தொழிலாளர்களில் பத்தில் நாலு பேர் கான்ட்ராக்ட். இவர்கள் இருவருக்கும் படிப்பு ஒன்றுதான். இந்த இடைவெளியை எந்தப் பள்ளிக்கூடத்தாலும் மூட முடியாது, ஏனென்றால் எந்தப் பள்ளிக்கூடமும் அதை உண்டாக்கவில்லை.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்ததை இந்த ஊரில் மறந்திருக்க மாட்டார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து இரண்டு வாரம் இருந்தார்கள். 23,000 ரூபாய் அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 16,000 அளவுக்கு இறங்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அதே தெரு, அதே குப்பை, அதே ஆட்கள். யார் பெயரில் சம்பளப் பட்டியல் என்பது மட்டும்தான் மாறுகிறது.

கூலிக் கட்சியின் ஓட்டை எங்கே என்றால், சட்டம் எட்டாத இடத்தில். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, வீட்டு வேலையையும் தமிழ்நாடு அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, ஆனால் எங்கள் கட்டடத்தில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? அக்காவுக்கே தெரியாது. அம்பத்தூரில் நாலு லேத் வைத்து ஓட்டுபவரிடம் கார் கம்பெனி சம்பளத்தைக் கேட்கவும் முடியாது, அவருக்கு வரும் ஆர்டரின் விலையையே மேலே இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். கிராமத்தில் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது நூறு நாள் வேலைதான். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அந்தக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியதாயிற்று, வெளிக்கூலியும் ஏறியது, அதிகம் பலன் பெற்றவர்கள் பெண்கள். நகரத்தில் அப்படி ஒரு தளம் இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் இலவசப் பேருந்தும் வேறு விதத்தில் உதவுகின்றன. பஸ் காசு மிச்சமானதால் அக்கா இரண்டு ஸ்டாப் தள்ளி இன்னொரு வீடு பிடித்தார், பழைய வீட்டில் கூலி பேசவும் தைரியம் வந்தது.

என் முடிவு இது. உத்தரப் பிரதேசத்திலோ பிகாரிலோ கேட்டால் இன்னும் பள்ளிக்கூடம்தான் என்பேன், அங்கே பள்ளியை முடிக்காத பிள்ளைகள் இன்னும் நிறைய. சென்னையில் கேட்டால் அடுத்த ரூபாயைக் கூலிப் பக்கம் போடச் சொல்வேன். இருக்கிற கல்லூரிகளில் இங்கிலீஷும் பயிற்சியும் சரியாகக் கிடைக்க வைப்பது தேவை, புதுக் கல்லூரிக் கட்டடம் தேவையில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், கூலிச் சட்டத்தைப் பார்க்கப் போதுமான தொழிலாளர் ஆய்வாளர்கள், நகரத்துக்கும் ஒரு வேலை உத்தரவாதம், இந்த வரிசையில். நாற்பத்தைந்து வயது அக்காவை இனிமேல் யாரும் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை, அவருக்கு எட்டக் கூடியது கூலி மட்டும்தான்.

மகளைப் பற்றி அக்காவிடம் என்ன சொன்னேன் என்றால், கடன் வாங்கி எம்.பி.ஏ. வேண்டாம், வேலையில் இருந்துகொண்டே இங்கிலீஷும் அக்கவுன்ட்ஸும் கற்றுக்கொள்ளட்டும், ஒரு வருடம் கழித்து வேறு இடம் பார்க்கலாம் என்றேன். அக்காவின் கூலியைப் பேச எங்கள் கட்டடக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. கட்டடம் முழுக்க வீட்டுக்கு ஒரே விகிதம், அதோடு மாதம் நாலு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன். நாலாவது மாடிக்காரரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.