பச்சை எழுத்தில் 'அனுப்பியாச்சு'

வள்ளியூரில் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் போட்டார். "நீங்க வச்சிருக்க பில்லிங் சாப்ட்வேர் வெல கொறஞ்சிருக்காம்லா, வாங்கிப் போடட்டுமா அண்ணாச்சி?" உடனே பதில் சொல்ல எனக்கு வாயெழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்களுக்கு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. ஐந்து வருஷமாக இந்த சாப்ட்வேரில்தான் பில். ஸ்டாக், பாக்கி, ஜிஎஸ்டி, எதிலும் ஒரு பைசா பிசகியதில்லை. கோடையில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கிணறுகளில் தண்ணீர் கீழே போய், ஒரே நாளில் நாற்பது பில் போட்டாலும் திணறாது.

என் ஆத்திரமெல்லாம் ஒரே ஒரு பொத்தான் மேல். பில்லுக்குக் கீழே 'மெயில் அனுப்பு' என்று இருக்கும். அழுத்தினால் பில்லைப் பிடிஎப் ஆக்கி, கம்ப்யூட்டரில் உள்ள மெயில் சாப்ட்வேரிடம் ஒப்படைக்க வேண்டும். வாட்ஸாப்பிலும் அனுப்பத்தான் செய்கிறோம். ஆனால் கடைக்காரர்களின் ஆடிட்டர்கள் மெயிலில்தான் கேட்கிறார்கள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் ஆரம்பித்தது வினை. 'அனுப்பியாச்சு' என்று பச்சை எழுத்தில் காட்டும். போய்ச் சேராது. தென்காசியிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் "பில்லு வரலியே" என்று போன். பில் போடும் தங்கச்சியைக் கூப்பிட்டு, கடையில் நாலு பேர் நிற்கையிலேயே சத்தம் போட்டேன். "அனுப்புனேன் அண்ணாச்சி, அனுப்பியாச்சுன்னு காட்டிச்சே" என்று கண்கலங்கினாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

சர்வீஸுக்குப் பேசினால், "உங்க மெயில்லதான் கோளாறு, டீபால்ட்டை மாத்துங்க" என்றார்கள். மெயில் என்றால் எந்த சாப்ட்வேர் திறக்க வேண்டும் என்ற அந்த அமைப்பை மாற்றினேன். ஒரு கம்பெனி தளத்தில் மெயில் முகவரியைச் சொடுக்கிப் பார்த்தேன், எழுதும் பெட்டி சரியாகத் திறந்தது. அங்கேதான் ஏமாந்தேன். அந்தச் சொடுக்கு போவது 'மெயில்டூ' வழியில். முகவரி, தலைப்பு, செய்தி இவற்றைத்தான் அது சுமக்கும். கோப்பைச் சேர்த்து அனுப்ப அந்த முறையில் இடமே இல்லை. ஒரு புரோகிராம் இன்னொன்றின் கையில் கோப்போடு மெயிலைக் கொடுக்க விண்டோஸில் 'மேப்பி' என்று தனி வழி இருக்கிறது. முதலாவது திறக்கிறது என்பதால் இரண்டாவதும் திறந்திருக்கும் என்று நம்பி இரண்டு வாரம் வீணாக்கினேன். அளவு பெரிதோ என்றும் பார்த்தேன். ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும். எங்கள் பில் 1 எம்பி கூட வராது.

கடைசியில் அக்கா மகன் வந்தான். டெஸ்க்டாப்பில் ஒரு பிடிஎப் மேல் ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டு', 'மெயில் ரெசிபியன்ட்' கொடுத்தான். விண்டோஸ் 11 என்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய்த் தேட வேண்டும். கோப்போடு பெட்டி திறந்தது. "மெயில்ல ஒண்ணும் இல்ல மாமா, கேக்குத புரோகிராம்லதான் இருக்கு" என்றான். பில்லிங் ஐகானின் 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது கூடுதல் அதிகாரத்தோடு ஓட்டு என்பது, டிக் ஆகியிருந்தது. இன்ஸ்டால் செய்ய வந்தவர் போட்ட டிக். ஒரு புரோகிராம் அட்மினாகவும் மற்றது சாதாரணமாகவும் ஓடினால் இந்த ஒப்படைப்பு நடக்காது. டிக்கை எடுத்து, இரண்டையும் மூடித் திறந்தோம். அடுத்த பில் தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தது.

டிக் போட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை, யாருக்கும் கைதவறும். அந்தப் பச்சை எழுத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒப்படைப்பு தோற்றால் தோற்றது என்று விண்டோஸ் பதில் தருகிறது. இந்த சாப்ட்வேர் அந்தப் பதிலைப் படிக்காமலே 'அனுப்பியாச்சு' என்று எழுதுகிறது. இதைச் சொல்லி மூன்று முறை எழுதினேன். அடுத்தடுத்து இரண்டு அப்டேட் வந்தும் அப்படியேதான் இருக்கிறது.

நான் இந்த வருஷமும் பணம் கட்டிப் புதுப்பித்துவிட்டேன், ஐந்து வருஷக் கணக்கு அதற்குள் கிடக்கிறது. நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள், வாங்க வேண்டாம். விலை பார்த்து மனசு கேட்கவில்லையென்றால், உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு பில்லை மெயிலில் அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் போனில் வந்து விழுந்த பிறகு பணம் கொடுங்கள்.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணாச்சி" என்றாள். இப்போதும் ஒவ்வொரு பில்லுக்கும் மெயிலில் அனுப்பியவை கிடக்கும் 'சென்ட்' பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பில்லைத் தொடுகிறாள்.