செவ்ரும் லோசானும்: ஒரே தோல்விக்கு எழுதப்பட்ட இரண்டு சமாதானங்கள்

முதல் உலகப் போரில் தோற்ற ஒட்டோமான் பேரரசுக்கு இரண்டு உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. 1920 ஆகஸ்ட் 10 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ரில் கையெழுத்தானது, வென்றவர்கள் வகுத்துத் தோற்றவர்மீது சுமத்தியது. 1923 ஜூலை 24 அன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் கையெழுத்தானதோ, துருக்கியத் தேசிய இயக்கத் தலைவர் முஸ்தபா கெமாலின் படைகள் களத்தில் வென்றபின், அவரது பிரதிநிதி இஸ்மெத் பாஷா பல மாதங்கள் வாதாடிப் பெற்றது.

செவ்ர், ஸ்மிர்னா துறைமுக நகரைக் (இன்றைய இஸ்மிர்) கிரேக்க நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. சுதந்திர ஆர்மீனியாவை ஏற்றது. குர்துகளின் தன்னாட்சிக்கும் வழி வைத்தது. அந்த வாக்குறுதிகளைக் காக்கப் போதிய படையை அனுப்ப எந்த வல்லரசும் முன்வராததால், அது நடைமுறைக்கே வரவில்லை. ஆர்மீனியர், குர்துகள் ஆகிய இரு மக்களுக்கும் தரப்பட்ட உறுதிமொழிகள் லோசானில் காணாமற்போயின.

லோசான் நிலைத்தது, துருக்கியின் எல்லைகள் பெரும்பாலும் இன்றும் அதன்படியே உள்ளன. ஆனால் அதன் விலையை நாம் மறைக்கக் கூடாது. அதே மாநாட்டில் 1923 ஜனவரியில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே கையெழுத்தான மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம், ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்களையும் சுமார் 4 லட்சம் முஸ்லிம்களையும் தத்தம் மண்ணுக்கு அந்நியராக்கியது. இவர்களில் பலர் ஏற்கெனவே தப்பியோடியிருந்தனர், இனித் திரும்பவும் முடியாதென்றாயிற்று. மொழியை எவரும் கேட்கவில்லை, மதமே அளவுகோலாயிற்று. துருக்கி மொழி மட்டுமே பேசிய அனத்தோலியக் (துருக்கியின் ஆசியப் பகுதி) கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். செவ்ர் அநீதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் லோசானை வெற்றிகரமான சமாதானம் என்று மட்டும் எழுதும் வரலாற்றை என்னால் ஏற்க இயலவில்லை.